கம்பி அறுந்த நாளில் நான் சொன்னது

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது ஊரில் யாரும் தாங்களாகவே எண்ணைச் சுழற்றிப் பட்டணத்துக்குப் பேசிவிட முடியாது. எங்களைக் கூப்பிட்டு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு பலகையின் முன் வரிசையாக உட்கார்ந்திருப்போம். துளைகளில் மின்கயிறுகளைச் செருகி, இந்த முனையையும் அந்த முனையையும் சேர்த்துவைப்போம்.

சேர்ந்த முதல் வாரமே சூப்பர்வைசர் அம்மாள் எங்கள் எல்லோரிடமும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார்.

"என்ன பழுதுன்னு ஜனங்ககிட்ட சொல்லாதீங்க. அவங்களுக்குப் புரியாது, பயந்துடுவாங்க. 'லைன் கிடைக்கல, கொஞ்சம் பொறுங்க, கிடைச்சதும் நானே கூப்பிடறேன்'னு அன்பா சொல்லுங்க. அது போதும்."

எனக்கு அது சுலபமாக வந்தது. என் குரல் இனிமையாக இருக்கிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். கோபமாகக் கத்த ஆரம்பிக்கும் பட்டுக்கடை முதலாளிகள்கூட நான் பேசியதும் தணிந்துபோவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அது ஓர் ஐப்பசி மாதத்துக் காலை. இரண்டு நாள் பெய்த மழை விட்டிருந்தது. பத்து மணி வாக்கில் ஒரு பட்டுக்கடையிலிருந்து ஒருவர் பட்டணத்துக்கு அர்ஜென்ட் கால் பதிவு செய்தார். அந்தக் கடைக்குத் தறி நெய்பவராம், வீடு பிள்ளையார்பாளையத்தில். முதலாளியைக் கேட்டுக்கொண்டு கடை போனில் பேசினார். கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். மனைவியைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து நான்கு நாள் ஆகிறது. கூட மச்சினன் இருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் போன் உண்டு. பத்து மணிக்கு மேல் அங்கே வந்து நிற்பதாக அவன் சொல்லியனுப்பியிருக்கிறான்.

"நேத்து ஜொரம் வந்துடுச்சாம்மா. டாக்டரு இன்னா சொல்றாருன்னு கேக்கணும். ரெண்டு புள்ளைங்களயும் பக்கத்து வூட்ல வுட்டுட்டு வந்திருக்கேன்."

பட்டணத்து லைனில் செருகிப் பார்த்தேன். சத்தமே இல்லை. பாழுங்கிணற்றுக்குள் காதை வைத்தாற்போல் இருந்தது. பத்தரை மணிக்குப் பக்கத்து அறையிலிருந்து மெக்கானிக் வந்து சூப்பர்வைசர் அம்மாளிடம் சொன்னதை நானும் கேட்டேன். வாலாஜாபாத்துக்கு அப்பால் நான்கைந்து கம்பங்களுக்கு இடையே கம்பியே இல்லை. செம்புக்காக யாரோ இரவோடிரவாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புதுக் கம்பி வந்து இழுத்துக் கட்ட மாலை நான்கு, ஐந்து மணி ஆகும். அம்மாள் அதை அப்படியே நோட்டில் எழுதினார்.

பத்தே முக்காலுக்கு அந்தத் தறிக்காரர் கூப்பிட்டார்.

"லைன் வந்துச்சாம்மா?"

"இன்னும் கிடைக்கலீங்க ஐயா. கொஞ்சம் பொறுங்க."

"பதினோரு மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்குது. அதுல போயிடட்டுமா, இல்ல லைன் வந்துடுமாம்மா?"

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மாள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். பழகிய வாக்கியம் தானாகவே வந்துவிட்டது.

"இப்பவே கிடைச்சாலும் கிடைச்சுடும் ஐயா. கவலைப்படாதீங்க. கிடைச்சதும் முதல் கால் உங்களுக்குத்தான்."

"சரிம்மா. நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்."

அதற்குப் பிறகு ஐந்து முறை கூப்பிட்டார். ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. நானும் ஒவ்வொரு முறையும் முன்பைவிட அன்பாகப் பேசினேன். மத்தியானம், "நீ சாப்ட்டியாம்மா?" என்றுகூடக் கேட்டார்.

நாலரை மணிக்கு லைன் உயிர் பெற்றது. சொன்ன வாக்குப்படி முதல் கால் அவருக்குத்தான் போட்டேன். பேச்சு ஒழுங்காகக் கேட்கிறதா என்று சிறிது நேரம் நாங்கள் கவனிக்க வேண்டும். மச்சினனின் குரல் உடைந்து வந்தது.

"காலையிலேர்ந்து இங்கியே நின்னுக்கினு இருக்கேன் மாமா. ஏன் மாமா நீ வரல? அக்கா உன்னையேதான் கேட்டுக்கினு இருந்துச்சு. மூணு மணிக்குப் போயிடுச்சு மாமா."

இந்த முனையில் வெகுநேரம் பேச்சே இல்லை. லைன் மறுபடி போய்விட்டதோ என்று சந்தேகப்பட்டு, "ஐயா, கேக்குதுங்களா?" என்றேன்.

"கேக்குதும்மா," என்றார் அவர். பிறகு மெதுவாக, "காலையிலேர்ந்து ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். நீ நல்லா பேசினம்மா," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

என்னைத் திட்டியிருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

அப்போது அவர் முகம் எனக்குத் தெரியாது. அதுதான் பெரிய உபத்திரவமாகப் போயிற்று. பிள்ளையார்பாளையத்திலிருந்து சைக்கிளில் பட்டுச் சுமையோடு வரும் எந்த ஆளும் அவராக இருக்கலாம். கருடசேவைக் கூட்டத்தில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்ற ஒவ்வொருவரையும் பார்த்தேன். இவரோ, அவரோ என்று மனம் அடித்துக்கொண்டது. பலகையின் முன் உட்கார்ந்து, சத்தமில்லாத ஒரு லைனில் கயிற்றைச் செருகினால் போதும், அதற்குள்ளிருந்து "லைன் வந்துச்சாம்மா?" என்று கேட்கும். சில நாள் பதில்கூடச் சொல்லிவிட்டிருக்கிறேன். பக்கத்திலிருந்த தோழி திரும்பி என்னை ஒருமாதிரி பார்ப்பாள்.

அதன் பிறகு நான் உள்ளதை உள்ளபடி சொல்ல ஆரம்பித்தேன். அதிலும் தவறு செய்தேன். பம்பாயில் இருந்த மகனோடு பேசக் காத்திருந்த ஒரு முதியவரிடம், பட்டணத்துக்கு அப்பால் எந்தக் கருவி எப்படிக் கெட்டிருக்கிறது என்று இங்கிலீஷ் வார்த்தைகளோடு விளக்கினேன். அவர் மகனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். சூப்பர்வைசர் அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் சொன்னேனில்ல? எல்லாத்தையும் எடுத்துச் சொல்றது நேர்மைன்னு நினைச்சியா?"

"அப்போ அன்னிக்கு நான் சொன்னது மட்டும் நேர்மையாங்க மேடம்?"

அவருக்கு எந்த நாள் என்று தெரிந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இப்போது என் மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இயந்திரம் நின்றுபோனால் திரையில் என்ன எழுதிக் காட்ட வேண்டும் என்பதில் அவர்கள் ஆபீசில் பெரிய வாக்குவாதமாம். மன்னியுங்கள் என்று கனிவாகச் சொன்னால் போதும் என்கிறார்கள் சிலர். என்ன கெட்டது என்று நுணுக்கமாக எழுத வேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள். "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டாள்.

"எவ்வளவு நேரம் ஆகும், காத்திருக்கலாமா, வேற வழி பார்க்கணுமா, அதைச் சொல்லச் சொல்லு," என்றேன். ஏன் இவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்று அவளுக்குப் புரியவில்லை. அந்தத் தறிக்காரரை நான் ஒருமுறை நேரில் பார்த்ததையும் அவளிடம் சொல்லவில்லை.

அவர் மனைவி இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருந்தேன். "இன்னிக்கு ஊத்துவாங்களா?" என்று முன்னால் நின்றவரிடம் கேட்டேன். அவர் சட்டென்று திரும்பினார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். பக்கத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ டெலிபோன் அம்மாதானே? கொரலு மறக்குமா?" என்றார். முகம் மலர்ந்திருந்தது. மகளிடம், "இந்த அம்மாதான், அன்னிக்கு அவ்ளோ ஆறுதலா பேசினாங்கன்னு சொல்லுவேனே," என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. அவரைச் சற்று ஒதுங்கி வரச் சொல்லி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கம்பி அறுந்தது பத்தரைக்கே எனக்குத் தெரியும், சாயங்காலம்தான் சரியாகும் என்பதும் தெரியும், தெரிந்தேதான் பொறுங்கள் என்று சொன்னேன் என்றேன்.

அவர் என் வாயையே பார்த்தார்.

"பத்தரைக்கேவா?"

"ஆமாங்க ஐயா."

"நான் தலையெழுத்துன்னு நெனச்சுக்கினு இருந்தேன்மா," என்றார். வரிசைக்குத் திரும்பிப் போனார். மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து என்னைக் கடந்து நடந்தார். அந்தப் பெண் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

சொன்னால் பாரம் இறங்கும் என்று எண்ணியிருந்தேன். வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் உறைத்தது. அவருக்குத் தெரிய வேண்டிய நேரத்தில் மறைத்தேன். தெரிந்து ஒன்றும் ஆகாத நேரத்தில் போட்டு உடைத்தேன். இரண்டு முறையும் யாருக்காகப் பேசினேன் என்று கேட்டால், அவருக்காக என்று என்னால் சொல்ல முடியவில்லை.