தாச்சி வைக்காத தீபாவளி

எங்கள் ஊரில் கிரனோலா என்ற சாப்பாட்டை முதன்முதலில் செய்தவர் என் அம்மாதான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். வட்டுக்கோட்டையில் அதற்கு முன் யாராவது ஓட்ஸைக் கண்டிருந்தால், அது நீரிழிவுக்காரர் டொக்டருக்குப் பயந்து குடித்த கஞ்சியாகத்தான் இருந்திருக்கும். அந்த ஓட்ஸை ஒரு தீபாவளிக்கு, முறுக்குக்கும் பயற்றம் பணியாரத்துக்கும் பதிலாக, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அப்போது பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் ஆனி மாதத்தில் என் அண்ணை அவுஸ்திரேலியாவுக்கென்று வல்வெட்டித்துறைப் பக்கம் போய் ஒரு மீன்பிடிப் படகில் ஏறியிருந்தார். பிறகு அவரிடமிருந்தோ அவரோடு போனவர்களிடமிருந்தோ ஒரு சொல்லும் வரவில்லை. “அண்ணையை அங்கை காம்பிலை வைச்சிருக்கினம் பிள்ளை, போன் குடுக்கமாட்டினம்” என்று அம்மா சொல்லியிருந்தார். நான் நம்பினேன். அந்த முகாமில் தீபாவளிக்கு முறுக்குக் கொடுப்பார்களா என்பதுதான் என் கவலை. அப்பா நம்பவில்லை. ஐப்பசி பிறந்ததும் கோயில் ஐயரிடம் போய், உடல் கிடைக்காத ஆளுக்குக் கிரியை செய்யலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அம்மா அவருக்குத் தேத்தண்ணியை என்னிடம்தான் கொடுத்தனுப்பினார். கிரியை என்றால் ஏதோ கோயில் அலுவல் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி நெருங்க, கனடாவிலிருந்து சித்தி வீடியோவில் கதைத்தார். அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“பலகாரமா இருக்கக்கூடாது. ஆனா இனிப்பா இருக்கோணும், சொந்தக்காரருக்குக் குடுக்கவும் வேணும். அப்பிடி ஏதும் உங்கை இருக்கோ?”

சித்தி யோசித்துவிட்டுக் கிரனோலா என்றார். ஓட்ஸோடு கச்சான் கடலை, எள்ளு, தேங்காய்ப்பூ எல்லாம் கலந்து, பாணி ஊற்றிப் பிரட்டி, மொறுமொறுவென்று வரும்வரை சூட்டில் வைக்க வேண்டுமாம்.

“போறணை இல்லாட்டி என்ன அக்கா, தாச்சியிலை போட்டு வறுத்தாச் சரி.”

“தாச்சி வேண்டாம்” என்றார் அம்மா.

அதற்குப் பிறகு சித்தி அசையவேயில்லை. படம் நின்றுவிட்டதென்று நான் போனைத் தட்டிப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்தபோதுதான் லைன் இருக்கிறது என்று தெரிந்தது.

எங்கள் வீட்டில் நல்ல பெரிய தாச்சி ஒன்று இருந்தது. அண்ணை இருந்த காலத்தில் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே எண்ணெய் ஊற்றி அதை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். அதை மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மா ஏன் ஓட்ஸைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்கு அலைகிறார் என்று எனக்கு ஒரே எரிச்சல். பனங்கட்டியை உருக்கிப் பாணியாக்கி, புட்டுக்கு மாக் குழைப்பதுபோல விரல் நுனியால் எல்லாவற்றையும் பிரட்டி, தட்டங்களில் பரப்பி, சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போனோம். பேக்கரியில் காலைப் பாண் எடுத்து முடிந்திருந்தது. பாண் சுடும் போறணையில் சூடு மிச்சம் இருந்தது.

பேக்கரிக்காரர் தட்டத்தை எட்டிப் பார்த்தார். “உதென்னக்கா, மாட்டுக்கோ?”

“கனடாவிலை உதைத்தான் காலமைச் சாப்பாடாத் தின்னுகினமாம்” என்றார் அம்மா. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அம்மாவின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. அது வந்த வழியே போய்விட்டது.

பனங்கட்டி வாசத்தோடு பொன்னிறமாக வெளியே வந்த கிரனோலாவை உண்மையிலேயே நான் விரும்பித்தான் தின்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா முதல் வேலையாக ஒரு கண்ணாடிப் போத்திலை நிரப்பி இறுக்கி மூடினார். “இது அண்ணைக்கு. கனநாள் பழுதாகாதாம்.” மிச்சத்தைச் சின்னப் பைகளில் போட்டுக் கட்டினோம்.

தீபாவளியன்று காலை பைகளோடு புறப்பட்டேன். போன வீடுகளிலெல்லாம் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

“அம்மா தாச்சி வைச்சவவோ?”

“இல்லை, இது போறணையிலை செய்தது” என்று நான் பெருமையோடு செய்முறையை ஒப்புவித்தேன். யாரும் அதைக் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, வந்திருந்தார். அவர் காலடியில் ஒரு பெரிய துணிப்பை. முறுக்கு, பயற்றம் பணியாரம், சீனி அரியதரம் எல்லாம் வாசத்திலேயே தெரிந்தன. எனக்கு வாயூறிவிட்டது. அம்மா பையைப் பார்க்கவேயில்லை. ஒரு கிண்ணத்தில் கிரனோலாவைப் போட்டுப் பால் ஊற்றி அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து நின்றார். அப்பா விறாந்தையில் கதிரையை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார்.

பெரியம்மா கிண்ணத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று கடைசிவரை சாப்பிட்டார்.

“நல்லாயிருக்கடி. மூத்தவனுக்கும் கொஞ்சம் எடுத்து வைச்சனியே?”

“ஓம் அக்கா. போத்திலிலை வைச்சிருக்கிறன்.”

அம்மா அப்படியே சரிந்து நிலத்தில் அமர்ந்து, பெரியம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழுதார். நல்லாயிருக்கென்று சொன்னதற்கு ஏன் அழவேண்டும் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போகும்போது பெரியம்மா துணிப்பையையும் தூக்கினார். நான் வாசல் படலைவரைக்கும் ஓடினேன்.

“பெரியம்மா, பையைத் தந்திட்டுப் போகேல்லையே?”

“இது உங்களுக்கில்லை மோனை” என்றார். “நான்தான் வீடு மாறிக் கொண்டந்திட்டன்.”

அன்று முழுவதும் விக்கி விக்கி அழுதேன். பெரியம்மா கஞ்சத்தனம் பிடித்தவர் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார்.

செத்தவீடு நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்குத் தீபாவளித் தாச்சி வைப்பதில்லை என்பதும், அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்தான் பலகாரம் சுட்டுக் கொண்டுவருவார்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அண்ணை இல்லையென்றால் தாச்சி வைப்பது பிழை. இருக்கிறார் என்றால் பண்டிகைக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது பிழை. இரண்டுக்கும் நடுவில் அம்மா கண்டுபிடித்த சாப்பாடுதான் அந்த ஓட்ஸ். அந்தப் பை எங்கள் வீட்டில் தங்கியிருந்தால் அண்ணை அன்றைக்கே செத்திருப்பார். அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்த பெரியம்மாவைப் பார்த்து, நான் படலையில் நின்று முறுக்குக்காக அழுதுகொண்டிருந்தேன்.