கால்வாயில் பொங்கிய நுரை

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். பாடியில் லேத் பட்டறையைக் கூட்டிப் பெருக்கியவன், பிறகு சொந்தப் பட்டறை வைத்து, கொரட்டூரில் நாலு குடித்தனத்துக்கு வீடும் கட்டினேன். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை.

போன வருடம், ஆள் சேர்த்து வீடு வீடாக விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். மூலிகையில் செய்த பாத்திரம் கழுவும் திரவம், மண்ணுக்கும் தண்ணீருக்கும் கெடுதல் இல்லை என்றார்கள். எனக்குக் கீழே என் குடித்தனக்காரர்களையே சேர்த்தேன். வீட்டுக்காரர் கேட்டால் யார் மறுப்பார்கள்?

மாடியில் குடியிருந்த கஸ்தூரி மட்டும் கேட்டாள். "இன்னா நைனா, அல்லாருமே விக்கிறவங்களா கீறோம். அப்புறம் வாங்குறது யாரு?"

"நான் கீறேன்ல, சும்மா சேரும்மா!" என்று அதட்டினேன்.

அவளும் சேர்ந்து, பணம் கட்டிப் பாட்டில்களை எடுத்தாள். யாரும் வாங்கவில்லை. அவளைக் கண்டாலே தெருப் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். பாட்டில்கள் காலாவதியாயின. கம்பெனி திரும்ப எடுக்கவில்லை. "மூலிகைதானே, கால்வாய்ல ஊத்திடு" என்றேன். ஊற்றினாள். ஏரிக்குப் போகும் தண்ணீரில் வெள்ளையாக நுரை பொங்கியது. சின்ன மீன்கள் செத்து மிதந்தன.

"அடிப்பாவி, ஏரித் தண்ணில இத்த ஊத்திக்கினு நிக்கிறியே!" என்று தெருவே அவளை ஏசியது. அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் ஊற்றச் சொன்னேன் என்று என் வாயில் வரவில்லை.

அந்த மாதமே காலி செய்துவிட்டாள்.

இப்போது எதை விற்க வந்தாலும், மிச்சத்தைத் திரும்ப எடுப்பீர்களா என்று முதலில் கேட்கிறேன். குடித்தனக்காரர்களை எதிலும் சேர்ப்பதில்லை. கஸ்தூரி நூம்பலில் இருக்கிறாளாம். இரண்டு முறை பஸ் ஏறினேன். இரண்டு முறையும் பாதியிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன்.