ஜன்னலோரத்துக் காற்றுச்செடி

அக்காவின் பியூட்டி பார்லரில் தலை அலசுவதும் தரை கூட்டுவதும் சின்னவளின் வேலை. கத்தரிக்கோலும் அக்காவிடம், கடைச் சாவியும் அக்காவிடம். தையல், தட்டச்சு, கேக் வகுப்பு என்று எதைத் தொட்டாலும் பாதியில் கைகழுவுகிறவள் என்று சின்னவளுக்கு வீட்டில் ஒரு பெயர் நிலைத்திருந்தது. பொருத்தமான பெயர்தான், மறுப்பதற்கில்லை.

அப்படிப்பட்டவள் காற்றுச்செடி வாங்கி வந்தாள். நூலில் கட்டி பார்லர் ஜன்னலோரம் தொங்கவிட்டால் போதும், இலையாலேயே தண்ணீர் குடித்துப் பிழைத்துக்கொள்ளும்.

"மண்ணே வேண்டாத செடியா? உனக்குன்னே பொறந்திருக்குடி!" என்று அக்கா சிரித்தாள்.

முதலில் வாங்கிய இரண்டும் போய்ச் சேர்ந்தன. பார்லர் புத்தி சும்மா இருக்குமா? இலைமேல் இருந்த வெள்ளைப் பூச்சைத் தூசி என்று நினைத்து, பவுடர் பிரஷ்ஷால் தினமும் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டாள். அதுதான் செடி தண்ணீர் குடிக்கும் வாய் என்று விற்றவர் சொன்னபோது, கடைவாசல் என்றும் பாராமல் அழுதாள்.

மூன்றாவதன்மேல் பிரஷ் படவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீரில் ஊறவைப்பாள். எடுத்துத் தலைகீழாக உதறி, சூடில்லாத ஹேர் டிரையர் காற்றில் குருத்துவரை காயவைப்பாள். அங்கே ஈரம் தங்கினால் அழுகிவிடும். இவளுக்கு இத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை.

அக்காவுக்கோ அந்த ஜன்னலோரத்தில் ஃபேஷியல் நாற்காலி போட ஆசை.

"மாசக் கடைசியில நாற்காலி வருது. அதுக்குள்ள பூத்தா இருக்கட்டும், இல்லேன்னா குப்பைக்குத்தான்."

"பூக்கும்க்கா."

"நீ எதை முழுசா முடிச்சிருக்கே, இதை முடிக்க?"

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

மாதம் முடியப் போகும் நேரத்தில் நடு இலைகள் சிவந்தன. "போச்சு, இதுவும் கருகுது. வெட்டி எறி," என்று அக்கா கத்தரிக்கோலை நீட்டினாள். சின்னவள் அதை வாங்காமல் இலையைத் தொட்டுப் பார்த்தாள். அழுகலென்றால் குழையும், இது விறைப்பாக இருந்தது.

"இது சாகலக்கா. நான் வெட்ட மாட்டேன்." அக்காவிடம் அவள் மாட்டேன் என்று சொன்னது அதுவே முதல் தடவை.

நாற்காலி வந்த காலையில், சிவப்பு இலைகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு பூ நீட்டிக்கொண்டு நின்றது. சின்னவள் போட்ட கூச்சலில், தலையில் சாயம் பூசி உட்கார்ந்திருந்த அம்மாள்கூட எழுந்து ஓடிவந்தார். அக்கா பூவைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

"மேடம், இதை எங்க போடணும்?" நாற்காலி தூக்கி வந்தவருக்கு மூச்சு வாங்கியது.

"எங்கயாவது போடுங்க. ஜன்னல் பக்கம் மட்டும் போகாதீங்க. அது என் தங்கச்சி இடம்."

அன்று முழுவதும் சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.