கோடை அரண்மனையின் மேல்தளம்

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரையூர் பக்கம், கண்மாய்க் கரையில் பாழடைந்து கிடக்கும் ஒரு கோடை அரண்மனையைப் பார்க்கத் திருநகரிலிருந்து தனியாகக் காரில் போயிருந்தேன். நான் கட்டடப் பொறியாளர். பழைய கட்டடங்களை அளந்து படம் வரைவதில் எனக்கு ஒரு பைத்தியம்.

வெயில் காலத்தில் தங்குவதற்காகப் பாளையக்காரர் ஒருவர் கட்டியதாம். ஓய்வெடுக்க வந்த இடத்திலும் எதிரி பயம் விடவில்லை போலும். நாலு பக்கமும் கோட்டை மதில், அதில் துப்பாக்கி நீட்டும் துளைகள். கண்மாய்க் காற்று உள்ளே வருவதற்கென்று அரண்மனைச் சுவரில் தனியாகத் துவாரங்கள். வெளியே அனல் அடித்தது, உள்ளே ஜில்லென்றிருந்தது.

முற்றத்தில் சீமைக்கருவேலம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், நான் படியேறுவதைப் பார்த்துக் கத்தினாள். “அக்கா, மேல போகாதீங்க. கட்டையெல்லாம் கரையான் தின்னுருச்சு.”

“எனக்கு இதாம்மா வேலை” என்று சிரித்துவிட்டு ஏறினேன்.

தளத்தின் நடுவில் நின்று டேப்பை நீட்டியபோது காலடியில் மளுக்கென்று ஒரு சத்தம். வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. கீழே செங்கல்லும் காரையும் விழுந்தன. எங்கே கை ஊன்றினாலும் அந்த இடம் அசைந்தது. பதினெட்டு அடி உயரம் என்று சற்றுமுன் நானே எழுதியிருந்தேன்.

“எந்திரிக்காதீங்கக்கா! அப்படியே குப்புறப் படுங்க!”

குரல் எனக்கு நேர் கீழேயிருந்து வந்தது. ஓட்டை வழியே பார்த்தேன். விழுந்த செங்கற்களுக்கு நடுவே, முற்றத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண் அண்ணாந்து நின்றாள். எந்த உத்திரம் உளுத்தது, எது உறுதியானது என்பது அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.

“தள்ளிப் போம்மா, மேல விழுந்துரும்!”

“நான் போயிட்டா ஒங்களுக்கு யாரு வழி சொல்லுவா? கால மெல்ல உருவுங்க. ஒங்க இடது கைப் பக்கம் கட்டை நல்லாருக்கு. அது மேலயே ஊர்ந்து வாங்க.”

ஊர்ந்தேன். அசையும்போதெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. நடுவில் ஒருமுறை அவள் அலறினாள். “என்னம்மா ஆச்சு?” என்று கத்தினேன்.

“ஒண்ணுமில்லக்கா. வாங்க, வாங்க.”

படியை எட்டிக் கீழே இறங்கினால், அவள் தோளில் ரத்தம். ஒரு செங்கல் கிழித்திருந்தது. காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மூன்று தையல். வழியெல்லாம் நான் பதறி ஓட்டுவதைப் பார்த்து, “மெதுவா ஓட்டுங்கக்கா” என்று அவள்தான் தைரியம் சொன்னாள்.

இப்போது எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும், அங்கே புழங்குகிறவர்களைக் கேட்காமல் காலெடுத்து வைப்பதில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருத்திக்காக இடியப்போகும் கூரைக்குக் கீழே நான் நிற்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டால், ஆமாம் என்று சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை.