தோள் உயரத்துக்கு ஒரு வேலி

எங்கள் வீட்டு முன்பக்கம் துஜாச் செடிகளை வரிசையாக நட்டுவைத்துவிட்டுப் போனவர் என் கணவர். துபாயில் தோட்ட வேலை பார்க்கிறார். அந்த வெயிலையே தாங்குகிற செடி கறம்பக்குடி வெயிலுக்கா அஞ்சும் என்பது அவர் கட்சி. கூம்பு கூம்பாக, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். ஊரில் அதைக் கிறிஸ்மஸ் செடி என்றுதான் சொல்வார்கள். கிளம்பும்போது தன் அப்பாவிடம், "இது என் தோளுக்கு வந்ததும் நானும் வந்துருவேன்ப்பா. அப்புறம் போகல" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, மாமா அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

செடியோ வளர்வேனா என்று நின்றது. மாமா தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டு, பக்கத்தில் போய் நின்று தன் தோளோடு அளந்து பார்ப்பார். அப்பாவும் பிள்ளையும் ஒரே உயரம். எனக்குச் சிரிப்பு வரும், சில நாள் எரிச்சலும் வரும். நானும் ஜன்னல் வழியாக அளந்துகொண்டுதான் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

போன வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வீடு திரும்பினால், வேலி முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக நிற்கிறது. பேருக்குக்கூடப் பச்சை இல்லை. மாமா அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"கிளுவையக் கழிச்சு விட்டாத்தான ஆத்தா வெடிச்சுக் கெளம்பும்? ஒரு மழ விழட்டும். தை மாசம் பாரு, தோளத் தாண்டிரும்."

இங்கே வயலுக்கு வேலி என்றால் கிளுவைதான். எப்படிக் கழித்தாலும் மழைக்குத் துளிர்த்துவிடும். துஜா அந்த ரகமில்லை. இலையில்லாத பழைய கட்டைவரை வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்காது. நர்சரியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன், மாமாவிடம் சொல்ல மனம் வரவில்லை. கணவர் வீடியோ காலில் வந்தால் போனை அந்தப் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொண்டேன். தை வந்தது. கட்டைகள் அப்படியே இருந்தன. மாமா அவற்றுக்கும் தண்ணீர் ஊற்றினார்.

ஒருநாள் சோற்றுத் தட்டில் கை வைத்தபடியே அழுதார். "என் கையாலயே புள்ள வர்றதக் கெடுத்துட்டேனே."

அன்றைக்கே கணவரைக் கூப்பிட்டுக் கட்டைகளைக் காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் நிம்மதியாக மூச்சு விட்டது போலிருந்தது.

"சரி விடு, புதுசா வச்சுக்கலாம். நான் இங்க கான்ட்ராக்ட்ட நீட்டிப் போன ஆடியிலயே கையெழுத்துப் போட்டாச்சு. அப்பாட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப இதையே காரணமாச் சொல்லிக்கலாம்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் காத்திருந்தவள்தானே, என்னிடமும் சொல்லவில்லையே. "உங்க சவுகரியத்துக்கு அவரு தலதான் கெடச்சுச்சா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டேன்.

மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அவங்க வராததுக்கு நீங்க காரணமில்ல. நீங்க வெட்டுறதுக்கு முந்தியே அங்க கையெழுத்துப் போட்டுட்டாங்களாம்."

முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். தெளியவில்லை.

"அப்ப நான் வெட்டாம இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டானா?"

"மாட்டாங்க மாமா."

தன் தப்பு என்று நினைத்திருந்த வரைக்கும், அவருக்கு வருவதாக இருந்த மகன் ஒருவன் இருந்தான். அன்றைக்கு அவனும் இல்லாமல் போனான்.