முதல் பாட்டுக்கு முந்தியது

தேவராசாவைப் பிடிவாதக்காரன் என்று ஊரில் சொல்வார்கள். சொல்பவர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. பிடிவாதக்காரன் என்றால் தனக்கு வேண்டியதை வாய் திறந்து கேட்பான், கிடைக்கும்வரை விடமாட்டான். இவன் வாயே திறக்கமாட்டான். வேண்டியதை ஒளித்து வைத்துக்கொண்டு வேறு எதையாவது பிடித்துச் சண்டை போடுவான். சீடி பிளேயரா, மகன் கொண்டுவந்த மியூசிக் சேர்வரா, எதில் சத்தம் நல்லது என்று போன நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, அந்த வீட்டில் நடந்த சண்டையும் அப்படித்தான்.

எனக்கு வீடு கல்முனைக்குடியில். அவனுக்குப் பாண்டிருப்பில், கடற்கரைப் பக்கம். ஊரில் கண்டால் தலையாட்டுகிற பழக்கம்தான் இருந்தது. டோஹாவுக்குப் போன பிறகுதான் சிநேகமானோம். நான் பஸ் ஓட்டினேன், அவன் ஏசி திருத்தினான். ஒரே அறையில் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து நான் படுத்தால், எதிர்க் கட்டிலில் இவன் சுவர்ப் பக்கம் திரும்பிக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கிடப்பான். வயிற்றில் ஒரு சின்ன சீடி பிளேயர் இருக்கும்.

"என்ன மச்சான், அந்த ஒரே சீடியப் போட்டுப் போட்டுத் தேய்க்கிறாய்" என்பேன்.

"சேர்ச் பாட்டு மச்சான். கிருபா பாடினது" என்பான். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பமாட்டான்.

கிருபாமலர் அவனுடைய மனைவி. மெதடிஸ்த தேவாலயத்தில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவள். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருக்கும் புருசனுக்குக் குரலைப் பதிந்து அனுப்புவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடந்தது. முதலில் கசெட், பிறகு சீடி. அதில் ஒரு தொல்லை இருந்தது. ஒருத்தனுக்கு வந்ததை அறையே சேர்ந்து கேட்கும். என் வீட்டுக்காரி ஒரு கசெட் முழுக்க என்னை ஏசி அனுப்பினாள். எட்டுப் பேரும் கேட்டார்கள். பெருநாள் வரும்வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இதைத் தேவராசா வீட்டுக்கு எழுதியிருக்கிறான் போலிருக்கிறது. கிருபா வெட்கப்படுகிற பிள்ளை. கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருந்த கிசோக்கிடம் போய், "பாட்ட ஆரும் கேக்கட்டும் தம்பி. நான் கதைக்கிறத அவர் மட்டும் கேக்கோணும், அதுக்கு வழி இருக்கா?" என்று கேட்டாளாம். வழி இருந்தது. அவளுடைய பேச்சை கிசோக் முதல் பாட்டுக்கும் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டான். சீடியைப் போட்டால் நேரே பாட்டுத்தான் தொடங்கும். தொடங்கியதும், பின்னுக்குப் போகிற பொத்தானை விடாமல் அமத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் முதல் பாட்டையும் தாண்டி அதற்கு முன்னால் போகும். அங்கே விரலை எடுத்தால் கிருபா தன் புருசனோடு கதைப்பாள். அறையில் அந்தச் சீடியை எத்தனையோ பேர் வாங்கிக் கேட்டிருக்கிறோம். எங்களுக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டது.

இது எனக்கே பிறகுதான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் மிச்சக் கதையைக் கேட்டால் நீங்களும் அவனைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

அந்த நத்தாருக்கு முந்தின வருசம் கிருபா நெஞ்சுவலி வந்து கண்ணை மூடிவிட்டாள். போனிலும் மற்றச் சீடிகளிலும் அவள் பாடினது எவ்வளவோ கிடக்கிறது. அவனோடு அவள் கதைத்தது அந்த ஒரு இடத்தில்தான் கிடந்தது. வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பான். ஆள் வந்தால் முன்னுக்குப் போகிற பொத்தானை ஒரு தரம் தட்டுவான், பாட்டு ஓடும். நான் போகிற நேரமெல்லாம் ஏன் எப்போதும் அந்த முதல் பாட்டே ஓடிக்கொண்டிருந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது.

நத்தார் லீவுக்கு மகன் டனிஸ்டன் கொழும்பிலிருந்து மனைவி றொஷானாவோடு வந்தான். கொம்பனி ஒன்றில் கொம்பியூட்டர் வேலை. நல்ல பிள்ளை, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடற்கரை உப்புக் காற்றில் சீடிகளில் புள்ளி விழுவதைப் போன தடவையே பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அம்மாவின் குரல் அழிந்துபோகும் என்று பயந்து, சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தான். அதுதான் மியூசிக் சேர்வர். வீட்டில் இருந்த சீடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொம்பியூட்டரில் போட்டு அதற்குள் ஏற்றினான். போனில் தொட்டால் பாடும்.

தேவராசா முதல்நாளே கிருபாவின் சீடியை அந்தப் பெட்டியில் தேடியிருக்கிறான். பாட்டு வந்தது. பின்னுக்குப் போகச் சொல்லித் தொட்டால், அது வேறு சீடியின் கடைசிப் பாட்டுக்குப் போய் நின்றது. அன்றிலிருந்து தொடங்கினான்.

"சத்தம் சரியில்ல மகன்."

"என்னப்பா சரியில்ல? சீடியில இருந்தது அப்பிடியே கிடக்கு. ஒரு புள்ளியும் குறையல்ல."

"இல்ல. பிளேயர்ல உங்கம்மா இந்த வீட்டுக்குள்ள நிண்டு பாடுறாள். இதில மட்டக்களப்பில நிண்டு பாடுறாள்."

றொஷானா சிரித்துவிட்டாள். டனிஸ்டனுக்குக் கொஞ்சம் சுட்டுவிட்டது. பெட்டி விலை கூடினது, அதைவிட மனம் வைத்துச் செய்த வேலை. "அப்ப சோதிச்சுப் பாப்பம்" என்றான்.

நத்தாருக்கு மறுநாள் பின்னேரம் நானும் கேக் தின்னப் போயிருந்தேன். தேவராசாவைக் கதிரையில் இருத்தி, கண்ணைத் துவாயால் கட்டிவிட்டார்கள். ஒரே அம்பிளிபயர், ஒரே ஸ்பீக்கர். கிருபாவின் சீடி பிளேயரில் ஓடும், அதே பாட்டு கறுப்புப் பெட்டியிலும் ஓடும். டனிஸ்டன் மாற்றி மாற்றிப் போட, எது பிளேயர், எது பெட்டி என்று இவன் சொல்ல வேண்டும். எனக்கு ரெண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது, அதைச் சத்தமாகவே சொன்னேன். இவன் தலையைச் சரித்துச் சரித்துக் கேட்டு, "இது பிளேயர்" என்பான். அது பெட்டியாக இருக்கும். "இது பெட்டி, சத்தம் தகரம் மாதிரிக் கிடக்கு" என்பான். அது பிளேயராக இருக்கும். றொஷானா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள்.

துவாயை அவிழ்த்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"இப்ப சொல்லுங்கப்பா" என்றான் டனிஸ்டன்.

"ஓம் மகன். ரெண்டும் ஒண்டுதான்."

அந்த இடத்தில் அவன் வாயைத் திறந்திருக்க வேண்டும். எனக்கு இப்போதும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. மகனுடைய கெட்டித்தனமும் போதும், இவனுடைய வெட்கமும் போதும் என்று இருக்கிறது.

ரெண்டும் ஒன்று என்று அப்பாவே சொன்ன பிறகு சீடிகளுக்கு வேலை இல்லை அல்லவா. டனிஸ்டன் பிளேயரில் இருந்ததைக் கழற்றி, அதன் கவருக்குள் ஒழுங்காகப் போட்டு, மற்றவற்றோடு ஒரு மட்டைப் பெட்டியில் அடுக்கிவிட்டான். தேவராசா அதைக் காணவில்லை. கிருபாவின் சீடி இன்னும் பிளேயருக்குள்ளேயே கிடக்கிறது என்று இருந்தான். அடுத்தநாள் காலையில் நற்பிட்டிமுனைப் புண்ணியமூர்த்தி அரிசி கொண்டுவந்தான். வருசா வருசம் அவனிடம்தான் இவர்கள் அரிசி எடுப்பது. "புள்ள, பழைய சீடி கிடந்தா தாங்க. கதிர் பால் பிடிக்கப் போகுது, குருவிக்குக் கட்டோணும்" என்று கேட்டிருக்கிறான். எங்கள் பக்கத்து வயலுக்குள் பார்த்திருப்பீர்கள், கயிற்றில் சீடியைக் கோத்துக் கட்டிவிடுவார்கள். வெயிலில் மின்ன, குருவி கிட்ட வராது. றொஷானா அந்த மட்டைப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தாள். தேவராசா அந்நேரம் தேவாலயத்தில் இருந்தான்.

பிள்ளைகள் தைப்பொங்கலும் கழித்துத்தான் கொழும்புக்குப் போனார்கள். அதுவரைக்கும் வீட்டில் ஆள் இருந்தபடியால் இவன் பிளேயரைத் தொடவே இல்லை. அவர்கள் பஸ் ஏறிய அன்று கதவைச் சாத்திவிட்டுப் பொத்தானை அமத்தியிருக்கிறான். தட்டு வெளியே வந்தது. வெறும் தட்டு. றொஷானாவுக்குப் போன் எடுத்து, பழைய சீடிகள் எங்கே என்று மட்டும் கேட்டிருக்கிறான்.

என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது சேர்ட்டைப் புறம் மாற்றிப் போட்டிருந்தான். "மச்சான், உன்ட மோட்டர்சைக்கிள எடு. நற்பிட்டிமுனைக்குப் போகோணும்" என்றான். போகிற வழியில், பின்னால் இருந்தபடி, என் முதுகுக்குத்தான் முழுக் கதையையும் சொன்னான். டோஹாவில் தொடங்கிக் கிசோக் வரைக்கும் சொன்னான். முகத்தைப் பார்த்துச் சொல்ல அப்போதும் வெட்கம். "அல்லாஹ் வைப்பான் மச்சான், கிடக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

புண்ணியமூர்த்தி வரம்பில் நின்றான். எங்களைக் கண்டதும் சந்தோசம் அவனுக்கு. "நல்ல வேலை செய்யுது அண்ணன். இந்த முறை குருவி கிட்டயும் வரல்ல" என்றான். வயல் முழுக்கக் கம்பு நட்டுக் கயிறு கட்டி, கயிறு முழுக்கச் சீடி. காற்றில் சுற்றிச் சுற்றிக் கண்ணைக் கூச வைத்தது. தேவராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். ஒவ்வொன்றையும் பிடித்து நிறுத்தித் திருப்பிப் பார்த்தான். கிருபா தன் சீடிக்கு அடையாளமாகச் நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூட்டெக்ஸால் ஒரு சிலுவை போட்டிருந்தாளாம். பேனை தேடியிருக்கிறாள், வீட்டில் அந்நேரம் கியூட்டெக்ஸ்தான் கையில் அகப்பட்டது என்றான். அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தான்.

வாய்க்கால் ஓரத்துக் கயிற்றில் இருந்தது. சிலுவை அப்படியே சிவப்பாக இருந்தது. மற்றதெல்லாம் போயிருந்தது. வெயிலும் மழையும் குடித்து மினுக்கம் உரிந்து, சீடிக்கு ஊடாக அவன் விரல் எனக்குத் தெரிந்தது. கயிற்றிலிருந்து அறுத்து எடுத்துச் சேர்ட்டுப் பைக்குள் வைக்கப் பார்த்தான். பை சின்னது. கையில் பிடித்துக்கொண்டே வந்தான்.

"மகனுக்குச் சொல்லாத மச்சான். தாங்கமாட்டான்" என்றான் வழியில். எனக்கு வந்த கோபத்துக்கு மோட்டர்சைக்கிளை நிறுத்திவிட்டேன். அன்றைக்கே டனிஸ்டனுக்குப் போன் எடுத்துச் சொல்லவும் செய்தேன். இந்த மூடி மூடி வைத்த வேலையால் வந்தது போதாதா?

அடுத்த பஸ்ஸில் பிள்ளை வந்துவிட்டான். சீடியைத் துடைத்துக் கொம்பியூட்டரில் போட்டான், எடுத்தான், திரும்பப் போட்டான். ஒன்றும் இல்லை. கறுப்புப் பெட்டிக்குள்ளும் இல்லை. கொம்பியூட்டர் முதல் பாட்டிலிருந்துதான் எடுக்கும், அதற்கு முன்னால் ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது என்றான். கிசோக் கனடாவுக்குப் போய் எத்தனையோ காலம். அவனைத் தேடிப் பிடித்து நான் கேட்டால், பழைய கொம்பியூட்டரை விற்றுவிட்டேன் அண்ணன் என்கிறான்.

டனிஸ்டன் தகப்பனின் காலடியில் நிலத்தில் இருந்தான். "ஏனப்பா எனக்கிட்டச் சொல்லல்ல? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா..."

"என்னெண்டு மகன் சொல்ற? உங்கம்மா எனக்கிட்டக் கதைக்கிறதக் கேக்கோணும் எண்டு உனக்கிட்டயும் மருமகளிட்டயும் என்னெண்டு சொல்ற? அதுதான் சத்தம் சரியில்ல எண்டன்."

பிள்ளை அழுதான். தேவராசா அவன் தலையில் கையை வைத்தான்.

"நீயும் அதில கிடந்தாய் மகன். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்டூடியோவுக்கு வெளியில நிண்டிருக்கிறாய். கதவில தட்டி, 'அம்மா, போவமா' எண்டு கேக்கிறாய். 'இந்தா வாறன் மகன்' எண்டு உனக்குச் சொல்லிப்போட்டு, மறுகா எனக்கு ஒண்டு சொன்னாள். அதோட முடிஞ்சிது."

"என்ன சொன்னாங்க?"

அதை மட்டும் அவன் இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

போன கிழமை போனேன். கதவு திறந்தே இருந்தது. கறுப்புப் பெட்டிக்கு மேல் ஒரு துணி போட்டு மூடியிருந்தான். பிளேயரின் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, அந்தச் சிலுவைச் சீடியைச் சாரத்தின் ஓரத்தால் துடைத்துத் தட்டில் வைத்தான். தட்டு உள்ளே போனது. சீடி சுற்றத் தொடங்கியது. சுர்ரென்று ஒரு சத்தம், பிறகு உள்ளுக்குள் எதையோ தேடுகிற மாதிரிச் சின்னச் சின்னத் தட்டல்.

"கேக்குதா மச்சான்?" என்றான். "அவள் கதைக்க முதல் இந்தச் சத்தம்தான் வரும். அந்தப் பெட்டியில இது இல்ல."

எனக்கு மஃரிப் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் இருந்தேன். பின்னுக்குப் போகிற பொத்தானை அவன் அமத்திப் பிடித்திருந்தான். சீடி இல்லை என்று எழுத்துக் காட்டிப் பிளேயர் நிற்கும்வரை அவன் விரலை எடுக்கவில்லை.