கொடி பிடிக்காதவருக்குப் போட்ட பொன்னாடை

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. அந்தக் குறையை நிரப்பத்தான் கடவுள் என்னை அவருக்குக் கட்டிவைத்தான் போலிருக்கிறது.

பிரெஞ்சுக்காரன் காலத்தில், காரைக்காலை ஒட்டிய எங்கள் பூவத்துக்குப் பக்கத்தில் ஓர் எல்லைச் சாவடி இருந்தது. சாலைக்குக் குறுக்கே ஒரு கனத்த மரம். வண்டி வந்தால் கயிற்றை இழுத்து அதைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். அந்த வேலையில்தான் இவர் இருந்தார். ஐம்பத்துநாலில் ஒருநாள் பிரெஞ்சுக்காரனை வெளியேறச் சொல்லி எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொடி பிடித்துக்கொண்டு ஓர் ஊர்வலம் வந்தது. "எறக்குடா!" என்று அதிகாரி கத்தினார். இவர் கயிற்றை விட்டுவிட்டார். கொடியோடு முன்னால் வந்த நாகூர் மீரானின் முழங்காலில் மரம் விழுந்தது. கல்யாணமான புதிதில் இதை என்னிடம் சொல்லிவிட்டு, அன்று முழுக்க இவர் சோற்றில் கை வைக்கவில்லை.

பிரெஞ்சுக்காரன் போனான், கூடவே வேலையும் போயிற்று. அப்புறம் குத்தகைக்கு நிலம் பிடித்து நெல் போட்டார். ஒருவர் வம்புக்கும் போகமாட்டார். வாய் இருப்பது வெற்றிலை போட மட்டும்தான் என்கிற ஜாதி. நானோ அதற்கு நேர் எதிர்.

எழுபத்தொன்பதில் மகள் அமுதத்துக்குத் திருநள்ளாற்றிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குக் கவர்மெண்டு வேலை. அப்பா வைத்தியலிங்கம் பள்ளிக்கூட வாத்தியார். தியாகிகள் என்றாலே கண் கலங்குகிற மனுஷர். பெண் பார்க்க வந்த இடத்தில் இவரிடம், "ஊர்வலம் வந்தப்ப நீங்க பூவத்துலதான் இருந்தீங்களாமே?" என்று கேட்டார்.

இவர் வாயைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்து நான் முந்திக்கொண்டேன். "இருந்தாங்களாவா? கொடியே அவங்க கையிலதாங்க இருந்துச்சு!"

அதற்கு முன் இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. அது என் வயிற்றெரிச்சல். அவர்கள் போனபிறகு இவர், "ஏன்டி செல்லம் இப்புடிச் சொன்னே?" என்று கேட்டார்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். பொண்ணு கரையேற வேணாமா?"



நிச்சயமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, காரைக்கால் இந்தியாவோடு இணைந்ததற்கு அங்கே வெள்ளி விழா என்று தண்டோரா போட்டார்கள். சம்பந்தி பிடித்த பிடியை விடவில்லை. இரண்டு குடும்பமும் சேர்ந்து போயே ஆகவேண்டும் என்றார். வயிற்றில் புளியைக் கரைத்தது எனக்கு. இருந்தாலும் புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினேன். இருபத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் யாருக்கு யார் முகம் நினைவிருக்கப்போகிறது என்கிற தைரியம்.

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் காலத்துப் போலீஸ்காரன் சிவப்புத் தொப்பி, பழைய தபால்தலை, போட்டோக்கள். சம்பந்தி ஒவ்வொரு போட்டோவிலும் இவர் முகத்தைத் தேடினார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

மேடையில் மைக் பிடித்தவர், "அன்னிக்கு ஊர்வலத்துல வந்தவங்க யாரு இருந்தாலும் மேடைக்கு வாங்க" என்றார். இவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. சம்பந்தி இவரைப் பார்த்தார், சம்பந்தியம்மா என்னைப் பார்த்தாள், மாப்பிள்ளைப் பையன் கடிகாரத்தைப் பார்த்தான். எனக்குத் தாங்கவில்லை. தாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை நான். ரேஷன் கடையில் கேட்டால்கூட மகளைத்தான் சொல்லச் சொல்வேன். அப்படிப்பட்டவள் எழுந்து நின்று, பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "காத்தமுத்து! பூவம் காத்தமுத்து!" என்று கத்தினேன். அடச்சீ, இப்போது நினைத்தாலும் நாக்குக் கூசுகிறது.

வேறு வழியில்லாமல் ஏறினார். மேடையில் பொன்னாடை போட்டுக்கொண்டிருந்தவர் கைத்தடி ஊன்றிய ஒரு பாய். அவர் நடையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நாகூர் மீரான்.

இவர் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். பாய் நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தார். பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்த அமுதத்தையும் பார்த்தார். கைத்தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் மைக்கை வாங்கி, "காத்தமுத்து அன்னிக்கு என் பக்கத்துலதான் நின்னாரு" என்று சொல்லிவிட்டு, பொன்னாடையைப் போர்த்தினார். கைதட்டல். சம்பந்தி ஓடிப்போய்ப் போட்டோக்காரனைக் கூட்டிவந்தார்.

இறங்கி வந்த பாய் காலை இழுத்து இழுத்து என்னிடம் வந்தார். "பொண்ணுக்குக் கல்யாணமாமே தங்கச்சி. நல்லபடியா நடத்துங்க. எனக்கும் மூணு பொம்பளப் புள்ளைங்க." அவர் முகத்தில் கோபமே இல்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை. அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது எனக்கு.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "பாய்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

"மரத்தை எறக்குனவன் நான்தான், மன்னிச்சுக்குங்கன்னேன். உண்மையைச் சொன்னா எம்பொண்ணு கல்யாணம் நின்னுடும், ஆனாலும் சொல்றதுன்னா சொல்லுங்கன்னேன்."  பொன்னாடையை மடித்து என் மடியில் வைத்தார்.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. அந்தப் போட்டோவைக் கண்ணாடி போட்டுச் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். அங்கே போனால் நான் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். இவர் அந்த வீட்டுக்குப் போவதே இல்லை.

போன ஆகஸ்டில் அமுதம் குழந்தையோடு வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குப் பேத்தி பேச வேண்டுமாம். தாத்தாவின் மடியில் ஏறிக்கொண்டு, "தாத்தா, கொடி ரொம்பக் கனமா?" என்று கேட்டது.

"தாத்தா கொடி புடிக்கலடா கண்ணு" என்றார் இவர். "மரத்தைத்தான் எறக்குனேன். ஒரு நல்ல மனுசன் கால்ல விழுந்துடுச்சு."

குழந்தை முழித்தது. வாசற்படியில் நின்ற அமுதம் என்னைப் பார்த்தாள். ஆமாம்டி, பொய் சொன்னது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்யாணம் முடிந்து ஏழு வருஷம் ஆயிற்று, இனி எது நின்றுபோகும்?

"தாத்தாவுக்கு வயசாச்சும்மா, என்னென்னமோ உளறுறாரு" என்றேன்.

இவர் குழந்தையை மெல்ல இறக்கிவிட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் நடந்தார்.

"ஏம்மா, அப்பாவுக்கு ஞாபகம் தப்புதா? டாக்டர்ட்ட காட்டலாமா?" என்று கேட்டாள் அமுதம். அவள் கண்ணில் தண்ணீர்.

"காட்டலாம்" என்றேன்.